மறுமலர்ச்சி: ஒரு சொல் பற்றிய நெருடல்

நமது சமூக வரலாறு பற்றிய கட்டுரைகளில் 'மறுமலர்ச்சி' என்ற சொல்லைச் சந்திக்காமல் தப்ப முடியாது. அறிஞர் சித்திலெப்பையைப் பற்றியதென்றால் முதல் வரியிலேயே வந்துவிடும். நானும் அப்படி எழுதியவன்தான். இப்போது அச்சொல் நெருடுகிறது.

ஐரோப்பியர் சொல்லும் 'ரெனெய்சான்ஸ்' என்பதன் நேர்ப்பொருள் மறுபிறப்பு. 1860இல் வெளிவந்த புர்க்ஹார்ட்டின் நூல் அக்கருத்தைப் பரவலாக்கியது. மறுபடி பிறக்க வேண்டுமானால் முதலில் மௌத்தாக வேண்டுமே! ஆகவே அதற்கு முந்திய காலம் இருண்ட காலமாயிற்று. 1927இல் ஹஸ்கின்ஸ் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே ஒரு மறுமலர்ச்சி இருந்ததென்று எழுதினார். அறபு நூல்கள் லத்தீனுக்குப் போனதற்கு அதில் முக்கிய இடமுண்டு.

நம்மிடமுள்ள சொற்கள் வேறு. தஜ்தீத் என்றால் புதுப்பித்தல். கூரை மாற்றினாலும் வீடு அதே வீடுதான். நஹ்ழா என்றால் எழுந்து நிற்றல். இமாம் கஸ்ஸாலி தம் நூலுக்கு இட்ட 'இஹ்யா'வில், அதாவது உயிரூட்டலில், மரணத்தின் வாடை கொஞ்சம் உண்டு. ஆனாலும் அவர் உயிரூட்டியது இருந்த இல்முகளுக்கே.

சித்திலெப்பையை இந்தக் கண்ணால் பார்த்தால் என்ன? ஒறாபி பாஷா வந்துதான் நமக்கு விளக்கேற்றினார் என்று சிலர் சொல்லுறாங்க. அவரது பங்கு பெரிதுதான். ஆனால் 'முஸ்லிம் நேசன்' வெளிவந்தது 1882 டிசம்பரில்; பாஷா கொழும்பில் இறங்கியது 1883 ஜனவரியில். 1869இலேயே நம் மலாய்ச் சகோதரர்கள் 'அலாமத் லங்காபுரி' பத்திரிகையை இங்கு அறபெழுத்தில் வெளியிட்டிருந்தார்கள். 'அசன்பே சரித்திரம்' எழுதிய அதே சித்திலெப்பை 'அஸ்றாறுல் ஆலம்' என்ற ஞான நூலையும் எழுதினார். நாவலைப் பேசுகிறோம், ஞான நூலைக் கடந்து போகிறோம். மறுபிறப்புக் கதைக்குள் அது அடங்காது.

என் உம்மம்மா பள்ளிக்கூடம் போனவரல்ல. தமிழ் எழுத்துத் தெரியாது. அறபுத்தமிழ்க் கிதாபுகளை மடியில் வைத்துச் சரளமாக ஓதுவா. கேட்டால், "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது மகன்" என்பா. நாங்களும் அதை நம்பினோம். அவ மௌத்தான பிறகு, "இனி இத ஆரு வாசிக்கிற?" என்டு சொல்லி கிதாபுகளை மையவாடி ஓரமாகப் புதைத்தார்கள். நானும் கூட நின்றேன். மறுமலர்ச்சி பற்றி அப்போது எழுதிக் கொண்டுமிருந்தேன்.

ஒன்று மட்டும் தப்பியது. அட்டையில்லை. முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு அரை மணித்தியாலம் போகிறது.