முதல்ல வாயைப் பாருங்க: செம்மறிக் குளம்பழுகல் பற்றி ஒரு குறிப்பு

போன மழைக்காலம் முடிகிற நேரம். நெம்மேலியில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாக ஆடு மேய்க்கும் தெரிந்தவர் ஒருவர் போனில் படம் அனுப்பினார். 22 ஆடுகள், எல்லாம் நம்ம செங்கல்பட்டுப் பக்கத்துச் சென்னைச் சிவப்புச் செம்மறி. அதில் 7 நொண்டுது. ரெண்டு ஆடு முன்னங்காலை மடக்கி முட்டி போட்டு மேயுது. "தம்பி, இது கோமாரியா?" என்று கேட்டார். நான் ரெண்டு கையேட்டைப் புரட்டிவிட்டு "அப்படித்தான் தெரியுதுண்ணே" என்றேன். அன்று சாயங்காலமே ஒரு வியாபாரி வந்து மொத்தப் பட்டியையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். அண்ணன் கிட்டத்தட்ட சம்மதித்துவிட்டார்.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் காலைத் தொடவே இல்லை. முதலில் வாயைத் திறந்து பார்த்தார். ஈறும் நாக்கும் சுத்தம், கொப்புளம் இல்லை, எச்சில் வடியவில்லை. உதடு, முகம் வீங்கியிருக்கா என்று தடவினார். காய்ச்சல் பார்த்தார். அதற்கப்புறம்தான் குளம்பைப் பிரித்து மோந்து பார்த்தார். "இந்த நாத்தம் போதும் சார், இது குளம்பழுகல்" என்றார்.

நான் புரட்டிய கையேடுகள் மேல் எனக்குள்ள குறை இங்கேதான். நோய்க்கு ஒரு பக்கம், பக்கத்துக்குப் பத்து அறிகுறி. "நொண்டும்" என்பது கோமாரியிலும் உண்டு, நீலநாக்கிலும் உண்டு, குளம்பழுகலிலும் உண்டு. நோயின் பெயர் தெரிந்தவனுக்குத்தான் அந்தப் பக்கம் உதவும். பட்டியில் நிற்கிறவனிடம் இருப்பது நொண்டுகிற ஆடு மட்டும்தான். எதை முதலில் பார்த்து எதைக் கழிப்பது என்ற வரிசை அவனுக்கு வேணும். (சாஃப்ட்வேரில் பிழை தேடுகிறவர்களுக்கு இது புரியும். எல்லாப் பிழையிலும் வருகிற செய்தி எதையும் காட்டிக்கொடுக்காது.)

கோமாரி என்றால் வாயிலும் காலிலும் கொப்புளம், காய்ச்சல், பக்கத்து மாட்டுக்கும் வரும். ஆனால் செம்மறியில் வாய்க் கொப்புளம் லேசாக வந்து சீக்கிரமே ஆறிவிடும். அதனால் வாய் சுத்தம் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. நீலநாக்கில் முகம் வீங்கும், குளம்பும் தோலும் சேருகிற விளிம்பு சிவந்து கன்றிப்போகும். குளம்பழுகல் விரலிடுக்குத் தோலில் ஆரம்பிக்கும். பிறகு குதிகால் பக்கமிருந்து குளம்பின் ஓடு உள்ளிருந்து கழன்றுகொண்டே வரும். கன்றிய இடம் எது, எங்கிருந்து தொடங்கியது என்பதிலேயே பாதி விடை இருக்கு.

காரணம் டைகெலோபாக்டர் நோடோசஸ் என்ற பாக்டீரியா. 1941இல் ஆஸ்திரேலியாவில் பெவரிட்ஜ் இதை அடையாளம் காட்டினார். காற்று ஆகாத ஜாதி. ஆய்வகத்தில் வளர்க்கக் குளம்பைப் பொடித்துச் சேர்த்த ஊடகத்தையே பயன்படுத்துகிறார்கள். சேற்றில் ஊறிய தோலில் வேறு கிருமிகள் வழி திறந்துவிட, இது உள்ளே போகிறது. வெறும் மண்ணில் ரொம்ப நாள் தாங்காது, ஆனால் ஆட்டின் குளம்புக்குள் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஆகவே "பட்டியைச் சுத்தமா வைக்கல" என்று மேய்ப்பவரைத் திட்டுவது பாதி நியாயம்தான். புதுசா வாங்கிய ஆடு எது என்று கேட்காத விசாரணை முழுசாகாது.

பிசிஆர் வந்துவிட்டதே, அதுவே சொல்லிவிடாதா என்று கேட்கலாம். கடுமையான வகையையும் லேசான வகையையும் பிரிப்பது ஒரு மரபணுவில் ரெண்டே எழுத்து வித்தியாசம். அதனால் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுகிறது. இந்தச் சோதனையை நம்பித்தான் சுவிட்சர்லாந்து 2024இல் நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலோ சோதனை சொல்வதும் குளம்பு சொல்வதும் பல மந்தைகளில் ஒத்துப்போகவில்லை. லேசான வகை இருந்தாலும் கிருமி "இருக்கு" என்றுதான் வரும். அதைக் கண்டதும் நோய் என்று எழுதிவிடும் கட்டுரைகளை நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். தடுப்பூசிக்கோ கிருமியின் உட்பிரிவும் பொருந்தணும். காஷ்மீரில் அதிகம் கிடைத்தது 'பி' பிரிவு. அதற்கான ஊசி இங்கேயும் பலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று, குளம்பை ரத்தம் வர வர வெட்டச் சொல்லும் பழைய அறிவுரை. பிரிட்டனில் 2010இல் வெளியான ஒரு சோதனையில், வெட்டாமல் ஆன்டிபயாடிக் ஊசியும் மேல்மருந்தும் பெற்ற ஆடுகள்தான் சீக்கிரம் தேறின. அண்ணன் அதற்குள் ரெண்டு ஆட்டுக்குக் கத்தி வைத்துவிட்டார். அந்த ரெண்டும்தான் கடைசியாக எழுந்து நடந்தன.

வியாபாரிக்குப் பட்டி போகவில்லை. ஊசி போட்டு, துத்தநாக சல்பேட் கரைசலில் காலை நனைத்தார்கள். மருத்துவர் "புதுசா எது வந்துச்சு?" என்று கேட்டபோதுதான் ஒன்றரை மாசம் முன்னால் சந்தையில் வாங்கிய கடா ஞாபகம் வந்தது. அதன் பின்னங்கால் குளம்பு ஓடு ஏற்கெனவே பாதி கழன்றிருந்தது. மாதிரி எதுவும் ஆய்வகத்துக்குப் போகவில்லை, எனவே கிருமி பேரால் உறுதியாச்சு என்று நான் எழுத முடியாது.

கடாவைத் தென்னந்தோப்பில் தனியாகக் கட்டியிருக்கார். இன்னும் லேசா நொண்டுது.