கொம்புமுறியும் கூட்டுச் செயலும்

மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிற் கண்ணகி வழிபாட்டோடு ஒட்டி வழங்கிவந்த கொம்புமுறி விளையாட்டில் ஊரார் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாவர். கோவலன் பக்கம் வடசேரி. கண்ணகி பக்கம் தென்சேரி. வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி வடமிட்டு இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். ஆயின் விளையாட்டின் நோக்கம் வெற்றியன்று. அம்மன் குளிர்ந்து மழை பொழிதலும் நோய் தணிதலுமே.

வொன் நியூமனும் மோர்கென்ஸ்டேர்ணும் 1944 இல் நிறுவிய ஆட்டக் கோட்பாட்டை மேலோட்டமாகக் கற்றோர், ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பதே என்னும் இருவர் ஆட்டமாக இதனைக் கொள்வர். அது பொருந்தாது. தோற்ற சேரியின் வயலிலும் மழை பெய்யும் அன்றோ! சிங்கள மக்களிடையே பத்தினி தெய்வத்துக்கு ஆடப்பெறும் அங்கெலியவை 1984 இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர, உளப்பகுப்பாய்வு நெறியில் அதன் பகைமைக் கூறுகளை நுணுகிக் கண்டார். எனினும் முறிவை நிகழ்த்துவோர் யார் என்னும் வினா வேறானது.

அவ்வினாவுக்குரியது செயலாண்மை அளவையியல். பெல்னாப்பும் பெர்லோவும் 1988 இல் முன்வைத்து, ஜோன் ஹோர்ட்டி 2001 இல் கடமை பற்றிய ஆய்வுவரை வளர்த்த நெறி அது. பிறர் எவ்வாறு நடப்பினும் ஒன்று நிகழும்படி ஒருவனது தெரிவு அமையுமாயின், அதுவே அவன் செயல் எனப்படும். நிகழாது போகும் வாய்ப்பும் இருந்திருத்தல் வேண்டும். இவ்வளவைகொண்டு நோக்கின், 'எதிரியின் கொம்பு முறிந்தது' என்பது எந்தச் சேரியின் செயலும் அன்று. நல்ல கொம்பு தேர்தல் திறமைதான்; உறுதி அன்று. 'ஒரு கொம்பு முறிந்தது' என்பதோ இரு சேரியும் கூடியே இயற்றக்கூடியது. வசை பாடிப் பிரிந்து நிற்போர் உண்மையில் ஒரே அணியினர்.

மார்க் பௌலி 2002 இல் வகுத்த கூட்டணி அளவையியல் இவ்விரு துறைகளையும் இணைக்கின்றது. ஆட்டத்திலிருந்து விருப்பங்களை நீக்கி, எக்குழு எதனை உறுதிப்படுத்த வல்லது என்பதை மட்டும் அது எஞ்சவைக்கும். அதன் வலிமையும் குறையும் அதுவே. யாரால் இயலும் என்று அது கூறும். ஏன் விரும்புவர் என்று கூறாது. விருப்பத்துக்கு மீண்டும் ஆட்டக் கோட்பாட்டிடமே செல்லல் வேண்டும். அம்மனை அவ்வளவையியல் எவ்விடத்தில் நிறுத்தும்? 'இயற்கை' என்னும் மூன்றாவது ஆட்டக்காரராகவே நிறுத்தும். ஊரார் அதனை ஒப்பார் என்பது வேறு.

இங்கு ஒரு சமனின்மை கருதத்தக்கது. முறிவை நிகழ்த்த இரு சேரியும் வேண்டும். நிகழாது தடுக்க ஒரு சேரியே போதும். தன் கொம்பைக் கொடாது விலகினால் ஆட்டம் இல்லை. ஆகவே ஓரூரில் கொம்புமுறி அற்றுப்போகுமாயின், அதற்கு ஒரு சேரி தனித்தே காரணமாதல் கூடும். அதனை மீட்கும் ஆற்றலோ எந்தச் சேரிக்கும் தனியே இல்லை.