மதநிந்தையும் எழுத்துரிமையும்: ஒரு நோக்கு

ஈழத்தின் மத மறுமலர்ச்சி அச்சியந்திரத்தின் துணையோடு எழுந்ததென்பது வரலாறு. பாதிரிமாரின் கண்டனங்களுக்கு மறுப்பெழுதிய ஆறுமுக நாவலர் 1849இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1862இல் அச்சகம் அமைத்தார். 1873இல் பாணந்துறை விவாதத்தில் விவிலியத்தையே வினாவுக்குட்படுத்தினார். அவ்வெழுத்தாலும் பேச்சாலும் புண்பட்ட மனங்கள் பல. ஆயினும் அன்னியராட்சி இவ்விருவரையும் எழுத்துக்காகச் சிறையிடவில்லை.

சுதந்திர இலங்கையின் நிலை யாது? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயத்தின் பெயரால் இயற்றப்பட்டது. அதன் 3ஆம் பிரிவு, வன்முறைக்கோ பகைமைக்கோ பாரபட்சத்துக்கோ தூண்டும் இன, மத வெறுப்பைத் தடைசெய்கிறது. நோக்கம் நன்றே. ஆனால் 2019 ஏப்ரிலில் அப்பிரிவின்கீழ்க் கைதானவர் சக்திக சத்குமார என்னும் சிங்களச் சிறுகதையாசிரியர். விகாரை வாழ்வின் பாலியல் முறைகேட்டைக் குறிப்பாகத் தொட்ட ஒரு கதையே அவர் குற்றம். பிணை கிடைத்தது ஆகஸ்ட் மாதத்தில்.

அவர் சிறையிலிருந்த அதே மே மாதத்தில், கலகொட அத்தே ஞானசார தேரர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பொதுமன்னிப்பால் விடுதலையானார். காணாமற்போன பத்திரிகையாளர் பிரகீத் எக்னலிகொட தொடர்பான வழக்கில் நீதிமன்றத்தை அவமதித்தமைக்காகத் தண்டிக்கப்பட்டவர் அவர். 2021 அக்டோபரில் 'ஒரே நாடு, ஒரே சட்டம்' செயலணிக்கு அவரையே தலைவராக்கினார் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. அவ்வேளை 'நவரசம்' கவிதைத் தொகுதிக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் 2020 மே முதல் தடுப்பிலிருந்தார் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளங்கவிஞர். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழந்த காலத்தை எத்தீர்ப்பும் மீட்டுத் தராது.

இஸ்லாத்தை நிந்தித்தமைக்காக 2024 மார்ச்சில் தேரருக்கும் நான்காண்டுச் சிறை விதிக்கப்பட்டதே என வாதிடுவோர் உளர். அது 2016ஆம் ஆண்டுப் பேச்சுக்கான தண்டனை; கதாசிரியருக்கோ தீர்ப்புக்கு முன்பே சிறை வாய்த்தது. எழுதப்பட்டது யாதென ஆராயாது, புண்பட்டவர் எவரெனவும் அவர்தம் வாக்குப் பலம் எத்துணையெனவும் எண்ணும் அரசியலே இவ்வேறுபாட்டின் வேர்.

இதனை எடுத்துரைக்கத் தமிழருக்கும் தகுதி வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கெதிராகத் திருச்செங்கோட்டில் திரண்டோர் தமிழரே. 2016இல் சென்னை உயர் நீதிமன்றமே அந்நாவலுக்கு அரணாயிற்று. தம்மவர் பேனா பறிக்கப்படுகையில் கொதித்து, பிறர் பேனா பறிக்கப்படுகையில் வாளாவிருப்பதும் போலித்தனமே. வெள்ளவத்தை இலக்கிய மேடைகளில் எழுத்துரிமை பேசுவோர் சத்குமாரவையும் ஜஸீமையும் ஒரே மூச்சில் உச்சரித்தல் வேண்டும். நாவலரும் குணானந்தரும் துய்த்த உரிமையை அவர்தம் வழித்தோன்றல்கள் பிறர்க்கு மறுப்பது, அம்முன்னோருக்கே இழைக்கும் நிந்தையாகும்.