பெருந்தொற்றும் பேட்டைக் கலைக்கூடங்களும்

பெருந்தொற்றுக் காலத்தைக் கலை உலகம் எப்படிக் கடந்தது என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் இணைய ஒளிபரப்பில்தான் போய் நிற்கிறது. லண்டன் நேஷனல் தியேட்டர் 2020 ஏப்ரலில் தொடங்கி வியாழன்தோறும் தன் பழைய நாடகப் பதிவுகளை யூடியூபில் இலவசமாகக் காட்டியது. உலகமெங்கும் பார்த்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பதிவுகளை முன்பே கைவசம் வைத்திருந்த பெரிய இடத்துக் கதை அது. பேட்டைக்கு ஒன்றாக இங்கிலாந்தில் இருக்கும் சமூகக் கலைக்கூடங்களுக்கு அந்த வசதி கிடையாது. மாலையில் சேர்ந்திசைப் பயிற்சி, சனிக்கிழமை பிள்ளைகளுக்கு ஓவியம், ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாடகம் என்று நடக்கிற இடங்கள் அவை. 2020 மார்ச்சில் பூட்டு விழுந்தபோது அவர்களிடம் மிஞ்சியது ஒரு கட்டடமும் அக்கம்பக்கத்தார் பழக்கமும்தான். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதற்கு லீட்ஸ் நகரத்து ஹோல்பெக் நல்ல எடுத்துக்காட்டு.

ஹோல்பெக், நூற்பாலைகளும் இயந்திரப் பட்டறைகளும் ஒரு காலத்தில் செழித்த இடம். இன்று லீட்ஸின் வறிய பகுதிகளில் ஒன்று. அங்கே 1877-இல் தொடங்கிய தொழிலாளர் கிளப் ஒன்று உண்டு. பிரிட்டனில் இன்னும் நடக்கிற இத்தகைய கிளப்புகளில் இதுவே பழையது என்பார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் பீர் குடித்து, அரட்டையடித்து, பாட்டுக் கேட்டுவிட்டுப் போகிற இடம். கடனில் தத்தளித்த இந்தக் கிளப்பின் நிர்வாகத்தை, பெருந்தொற்றுக்குச் சற்று முன்பு ‘ஸ்லங் லோ’ என்ற நாடகக் குழு ஏற்றுக்கொண்டது. பார் வழக்கம்போல நடந்தது. கூடத்தில் நாடகம் போட்டார்கள். டிக்கெட்டுக்கு விலை வைக்கவில்லை. பார்த்து முடித்தபின் மனசுக்குப் பட்டதைக் கொடுக்கலாம். பெரியவர்களுக்கான பண்பாட்டு வகுப்புகளும் இருந்தன. தச்சுவேலை, வானத்து நட்சத்திரம் பார்ப்பது, சேர்ந்து பாடுவது ஆகியவற்றோடு தென்னிந்தியச் சமையலும் அந்தப் பட்டியலில் இருந்தது. கலை என்ற சொல்லை இவர்கள் எவ்வளவு தாராளமாகப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஊரடங்கு வந்ததும், கடைக்குப் போக வேண்டுமா, மருந்து வாங்கித் தர வேண்டுமா, நாயை நடத்திக்கொண்டு போக வேண்டுமா என்று கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் துண்டறிக்கை போட்டார்கள். கொஞ்ச நாளில் லீட்ஸ் நகராட்சியே அந்த வட்டாரத்தில் உதவி கேட்டு வருகிற அழைப்புகளை இந்தக் குழுவிடம் ஒப்படைத்தது. நாடகக் கூடம் உணவுக் கிடங்கானது. பிரிட்டனில் பெரும்பாலான உணவு வங்கிகளுக்குப் போக மருத்துவரோ சமூகப் பணியாளரோ தந்த சீட்டு வேண்டும். இங்கே சீட்டும் கேட்கவில்லை, வருமானச் சான்றும் கேட்கவில்லை. வேண்டும் என்றால் கொடுத்தார்கள்.

நாடகக்காரர்களுக்கு இது எப்படிக் கைவந்தது என்று வியக்கத் தேவையில்லை. திறந்தவெளியில் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து நாடகம் நடத்துகிற குழு அது. எந்தச் சாமான் எந்த வண்டியில் ஏற வேண்டும், யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பது அவர்களுக்கு அன்றாடப் பாடம். குழுவின் இயக்குநர் ஆலன் லேன் இந்த அனுபவத்தை ‘தி கிளப் ஆன் தி எட்ஜ் ஆஃப் டவுன்’ என்று 2022-இல் புத்தகமாக எழுதினார். கொடை வள்ளல் தோரணை அதில் இல்லை, அதனால் படிக்க முடிகிறது. பின்னாளில் குழு அந்தக் கிளப்பை விட்டு வெளியேறி, ஹோல்பெக்கிலேயே ஒரு கிடங்குக் கட்டடத்துக்குப் போய்விட்டது.

இத்தகைய கூடங்களில் சேர்ந்து பாடுகிறவர்களின் பாடுதான் பெரும்பாடு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கின் சேர்ந்திசைக் குழு 2020 மார்ச் 10 அன்று பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர். இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அவர்களில் 53 பேர் நோயில் விழுந்தார்கள், இருவர் இறந்தார்கள். இந்தச் செய்தி பரவியதும் பாட்டு என்றாலே பயம் வந்துவிட்டது. பிரிட்டனில் 25 தொழில்முறைக் கலைஞர்களை வைத்து நடத்திய சோதனையின் முடிவு அந்த ஆகஸ்டில் வெளியானது. ஒரே சத்த அளவில் பாடினாலும் பேசினாலும் வெளிவரும் நுண்துளிகளில் பெரிய வேறுபாடு இல்லை; சத்தம் கூடினால்தான் துளிகளும் கூடுகின்றன என்றது அது. காற்றோட்டமான அறையில் அடக்கிப் பாடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் 2021 மே மாதம் இங்கிலாந்து கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது, தொழில்முறைப் பாடகர்கள் பயிற்சியைத் தொடரலாம், பொழுதுபோக்காகப் பாடுகிறவர்கள் உள்ளரங்கில் ஆறு பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதித்தார்கள். மதுக்கடைக்குள் கூட்டமாக உட்கார்ந்து சத்தமாகப் பேசலாம், அதே ஆட்கள் ஊர்க்கூடத்தில் பாடக்கூடாது! ஜூலை 19 வரை இந்தக் கூத்து நீடித்தது. கிருமிக்குச் சம்பளப் பட்டியல் தெரியுமா என்ன?

பணத்துக்கு வருவோம். 2020 ஜூலையில் பிரிட்டன் அரசு பண்பாட்டுத் துறைக்கு 157 கோடி பவுண்டு மீட்பு நிதி அறிவித்தது. அக்டோபர் 12 அன்று முதல் பெரிய தவணையாக 1,385 அமைப்புகளுக்கு 25.7 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள். பல அரங்குகள் இதனால்தான் பிழைத்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பணம் அமைப்புகளுக்குப் போயிற்று, கட்டடங்களுக்குப் போயிற்று. விளக்கு போடுகிறவர், உடை தைப்பவர், வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித் தருகிறவர் பெரும்பாலும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லாதவர்கள். சுயதொழில் செய்வோருக்கான உதவித் திட்டத்தில் சேர 2018–19 வருமானக் கணக்கு வேண்டும், வருமானத்தில் பாதிக்குக் குறையாமல் சுயதொழிலில் வந்திருக்க வேண்டும். மூன்று மாதம் ஒப்பந்தச் சம்பளம், இரண்டு மாதம் தனிவேலை என்று கலந்து பிழைக்கிற நாடகக்காரர்களில் பலர் இந்தச் சல்லடையில் நழுவினார்கள். நிதி ஒதுக்கிய அதே அக்டோபர் வாரத்தில்தான், செருப்பின் நாடாவைக் கட்டும் பாலே நடனப் பெண்ணின் படத்தைப் போட்டு, ஃபாத்திமாவின் அடுத்த வேலை கணினித் துறையில் இருக்கலாம் என்று சொன்ன அரசு விளம்பரம் ஒன்று சிக்கிச் சிரிப்பாய்ச் சிரித்தது. பண்பாட்டு அமைச்சரே அதைப் பண்பற்றது என்று சொல்லிக் கைகழுவ வேண்டியதாயிற்று.

என் கணக்கில், சமூகக் கலைக்கூடங்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் செய்ததில் பாதி, நகராட்சி செய்திருக்க வேண்டிய வேலை. அதைச் செய்த ஆட்களைக் கணக்கில் எடுக்காத நிதி, எவ்வளவு பெரியதானாலும் அரைகுறைதான். அடுத்த நாடான அயர்லாந்து இதை வேறு மாதிரி யோசித்தது. 2022-இல் குலுக்கல் முறையில் 2,000 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்று ஆண்டுகளுக்கு நேரடியாகக் கொடுக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. அதைத் தொடர்வதென்று 2025-இல் அறிவித்தும்விட்டார்கள். இங்கிலாந்தில் அப்படியொரு திட்டம் இன்றுவரை இல்லை.