சப்வூஃபர்: அதிர்வதும் அடங்குவதும்

இரண்டு ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்கும் வீட்டில் சப்வூஃபரின் வேலை, சிறிய ஸ்பீக்கர்கள் கைவிடும் கீழ் ஒலியை ஏந்திக்கொள்வது. ஐந்து அங்குல வூஃபர் உள்ள பெட்டி பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே தளர்ந்துவிடும். பாஸ் கிதாரின் தடித்த தந்தியோ 41 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பாடல்களில் பாஸ் கிதார் தனியாகவே ஒரு மெட்டு வாசிக்கும். அதன் அடிப்பகுதி காதில் விழாதவர் அந்தப் பாடலை முழுதாகக் கேட்டவர் அல்ல. சப்வூஃபர் என்றாலே காரிலும் மேடையிலும் இடிக்கும் சாதனம் என்று ஒதுங்குவோர் இழப்பது இதைத்தான்.

இணைப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கீழ் ஒலியைப் பிரித்து சப்வூஃபருக்கு அனுப்பும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம். ஃபேஸ் விசையை 0, 180 என மாற்றிப் பார்த்து, ஒலி நிறைவாக வரும் நிலையில் விட வேண்டும். சப்வூஃபர் ஓடுவதே தெரியக் கூடாது. அணைத்தால் மட்டும் குறை தெரிய வேண்டும். அந்த அளவுக்கு ஒலியைக் குறைத்தால் போதும்.

உண்மையான விஷயம் இனிமேல்தான். கீழ் ஒலி எவ்வளவு வருகிறது என்பது ஒன்று. வந்தது எப்போது அடங்குகிறது என்பது முற்றிலும் வேறு. 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறதா என்று மட்டும் எழுதும் விமர்சகர்கள் முதலாவதைத்தான் அளக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்குவதைக் காட்டி விற்கும் ஹோம் தியேட்டர் மோகமும் அதே ஆழமின்மைதான். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குடத்தைக் கேட்டவருக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே விளங்கும். திறந்த வெளியில் குடத்தின் ஒவ்வொரு அடியும் ‘கும்’மென்று எழுந்து உடனே ஓய்கிறது, அடுத்த அடிக்கு இடம் கிடைக்கிறது. தாளம் உயிரோடிருப்பது அந்த இடைவெளியில்தான்.

அதே அடி அறைக்குள் வந்தால் சுவர்கள் அதை விடுவதில்லை. பன்னிரண்டு அடி நீளம், பத்து அடி அகலம், பத்து அடி உயரம் உள்ள கான்கிரீட் அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு முழக்கம் தங்கும். அகலமும் உயரமும் ஒன்றாக இருப்பதால் 56 ஹெர்ட்ஸில் இரண்டு முழக்கம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பழைய ஓட்டு வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. கூரை வழியே கீழ் ஒலி கசிந்து போய்விடுகிறது. கான்கிரீட் வீட்டுக்காரருக்கு ஒரு வழி உண்டு. சப்வூஃபர் பெட்டியை, கேட்பவர் அமரும் நாற்காலியில் ஏற்றி, பாஸ் கிதார் இசையை ஓடவிட்டு, சுவரோரமாகக் குனிந்து நடந்தால், ஒவ்வொரு சுரமும் சமமாக ஒலிக்கும் இடம் ஒன்று கிடைக்கும். பெட்டிக்கு உரிய இடம் அதுதான். மூலை எப்போதும் அதிகம் தரும்; அதிகம் தருவதாலேயே அதை நம்பக் கூடாது. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்ப்பவர், துளையுள்ள பெட்டியின் ஆழத்தில் மயங்காமல், மூடிய பெட்டி அடியை எவ்வளவு சுத்தமாக விடுகிறது என்பதையும் கவனிப்பது நல்லது.

எல்லா இசைக்கும் சப்வூஃபர் தேவையும் இல்லை. செங்கோட்டை தந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தவர். அவர் குரல் 78 சுழற்சி இசைத்தட்டுகளில் இருக்கிறது. அந்தக் காலப் பதிவில் ஆழ்ந்த ஒலி அநேகமாகக் கிடையாது. தட்டையே சுழலவிட்டுக் கேட்டால் சப்வூஃபருக்குக் கிடைப்பது இயந்திரத்தின் உறுமல் மட்டுமே. கிட்டப்பா பாடும்போது சப்வூஃபரை அணைத்துவிட வேண்டும்.