பிரிக்காத பெட்டி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டையர்ஸ்வில் என்று ஓர் ஊர். நாலாயிரத்துச் சொச்சம் ஜனங்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் மக்காச்சோள வயல்கள். நடுவே, ஊரின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத உயரத்தில், இரட்டைக் கோபுரம் வைத்த ஒரு கிறிஸ்தவ ஆலயம். அந்த மாநிலத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாப்பிள்ளை என்னை அங்கே அழைத்துப் போனார். வருஷாவருஷம் அந்த மாதத்தில் அங்கே விவசாயப் பொம்மைகளின் சந்தை கூடுகிறது. டிராக்டர், கலப்பை, வைக்கோல் கட்டும் யந்திரம், அறுவடை யந்திரம். பெரும்பாலும் நிஜத்தில் 16-ல் ஒரு பங்கு அளவு.

“பொம்மை பார்க்கிற வயதா மாப்பிள்ளை எனக்கு?” என்று கேட்டேன்.

“அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைவிடப் பெரியவர்கள், மாமா” என்றார்.

வாஸ்தவம்தான். குழந்தைகள் கொஞ்சம்தான். தடித்த விரல்களும் வெயிலில் வெந்த கழுத்துமாகக் கிழவர்கள், ஒரு பொம்மை டிராக்டரைக் கையில் எடுத்துக் கவிழ்த்து, அடிப்பாகத்தைப் பூதக் கண்ணாடியால் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். பெண்ணுக்கு ஜாதகம் பார்க்கிறவரின் முகத்தில்கூட அத்தனை கவலையை நான் பார்த்ததில்லை.

எந்தப் பொருளையும் ஒரு படைப்பாக வைத்து எடை போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அந்த ஊரிலேயே இந்தப் பொம்மைகளுக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது. அங்கே நான் இரண்டு மணி நேரம் நின்றேன். மாப்பிள்ளை ஒரு மணி நேரத்தில் காப்பி தேடிப் போய்விட்டார்.

முதலில், 1920-களிலும் 30-களிலும் இலினாய் மாநிலத்து ஃப்ரீபோர்ட்டில் ஆர்கேட் கம்பெனி செய்த வார்ப்பிரும்புப் பொம்மைகள். அந்தக் கம்பெனி, தன் பொம்மைகள் பார்ப்பதற்கு நிஜம்போல் இருக்கும் என்று விளம்பரம் செய்தது. இன்று பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. முரடாக, கனமாக இருக்கின்றன. பலவற்றில் ஓட்டுகிறவனும் வண்டியோடு வண்டியாக உட்கார்ந்திருக்கிறான். ஆனாலும் ஒரு மிடுக்கு இருக்கிறது. யுத்த காலத்தில் பழைய இரும்பு திரட்டியபோது இவற்றில் எத்தனையோ உலைக்குப் போயின. மிஞ்சியவற்றுக்கு இன்றும் நல்ல விலை.

அடுத்தது எர்ட்டல். ஃப்ரெட் எர்ட்டல் ஒரு வார்ப்படத் தொழிலாளி. 1945-ல் வேலை இல்லாமல் இருந்தபோது, டுபுக் நகரில் தம் வீட்டு நிலவறையில் மணல் அச்சு வைத்து, அலுமினியத்தை உருக்கி டிராக்டர் வார்க்க ஆரம்பித்தார். பெண்டு பிள்ளைகளும் கூட இருந்து வேலை செய்தார்கள். நிஜ டிராக்டர் கம்பெனிகளே தங்கள் பெயரில் செய்துதரச் சொல்லிக் கேட்க, தொழில் வளர்ந்து 1959-ல் டையர்ஸ்வில்லுக்கு வந்தது. டிராக்டர் வாங்கும் கடையிலேயே அதன் குட்டியும் கிடைக்கும். அப்பா பெரியதை விலை பேசும்போது பிள்ளை சின்னதைப் பிடித்துக்கொண்டு அழலாம். எப்பேர்ப்பட்ட வியாபார புத்தி!

மூன்றாவது, 1990-களில் பெருகிய நுட்ப மாதிரிகள். எண்ணெய்க் குழாய், மின் கம்பி, உட்காரும் பலகையின் ஸ்பிரிங், ஒன்றையும் விடவில்லை. தத்ரூபம் என்றால் இதுதான் தத்ரூபம். வேலைப்பாட்டைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் எனக்கு அதன்முன் ஐந்து நிமிஷத்துக்குமேல் நிற்கப் பிடிக்கவில்லை. மூன்றில் உயர்ந்தது நடுவில் உள்ளதுதான் என்பது என் அபிப்பிராயம். 50-களிலும் 60-களிலும் வந்த அந்தப் பொம்மைகளில் டிராக்டரின் முகம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, சக்கரம் உருளுகிறது. பெரும்பாலானவற்றில் இருக்கை காலி. அந்தக் காலி இடத்தில் பையன் ஏறி உட்கார்ந்துகொள்வான். நுட்ப மாதிரியிலும் இருக்கை காலிதான். ஆனால் அதில் யாரும் உட்கார முடியாது, அத்தனை ஜாக்கிரதையாகச் செய்திருக்கிறார்கள். கதாபாத்திரத்தின் சட்டைப் பித்தானை எண்ணிச் சொல்லிவிட்டு அவன் மனசைச் சொல்ல மறந்துவிடுகிற நாவலாசிரியர்கள் நம்மிடையே இல்லையா? என்னையும் சேர்த்துத்தான்.

சந்தையின் தீர்ப்போ வேறு மாதிரி. அதன் அளவுகோல் ஒன்றே ஒன்று: பெட்டி பிரிக்காமல் இருக்கிறதா? பிரிக்காத பெட்டியில் உள்ளதற்கு ஒரு விலை. விளையாடின பொம்மைக்கு அதில் ஒரு துணுக்கு. சாயம் மறுபடி பூசியிருந்தால் அதுவும் போச்சு. வெறும் அட்டைப்பெட்டிக்கு மட்டும் பொம்மையைவிட அதிக விலை கேட்கிறவர்களும் உண்டு. அதாவது, எந்தப் பொம்மை தன் வேலையைச் செய்யவே இல்லையோ அதற்குத்தான் மகுடம். ஆனால் பழைய பொம்மைகள் அரிதானது எதனால்? பையன்கள் அவற்றை மணலில் உழுது, மழையில் போட்டு, உடைத்துத் தீர்த்ததனால். பத்துப் பேர் விளையாடியதால்தான் பதினோராவதற்கு விலை வந்தது.

இந்தச் சந்தை சூடு பிடித்த காலத்தைக் கவனிக்கவேண்டும். அயோவாவில் ஒரு ஏக்கர் நிலம் 1981-ல் சராசரி 2,147 டாலர் விலை போயிற்று. 1986-ல் 787 டாலர். நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர்கள் வட்டி கட்ட முடியாமல் பண்ணையை ஏலத்தில் இழந்தார்கள். 1985-ல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் விவசாயப் பகுதி கைமாறி, கேஸ் கம்பெனியோடு சேர்ந்தது. ஆலிஸ் சால்மர்ஸின் விவசாயப் பகுதி ஒரு ஜெர்மன் கம்பெனிக்குப் போயிற்று. பொம்மை மியூசியம் திறந்தது 1986-ல். நிலத்தின் விலை அடிமட்டத்தைத் தொட்ட அதே வருஷம்! இது வெறும் தற்செயலாக இருக்கலாம். ஆனால் நிஜ டிராக்டரை ஏலக்காரனிடம் விட்டவன், அதே சிவப்பில் ஒன்றை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டான் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? ‘சேகரிப்பவர்களுக்கென்றே’ பதிப்புகள் போட ஆரம்பித்தன. குறிப்பிட்ட எண்ணிக்கைதான் என்று பெட்டியில் அச்சடித்தார்கள். அந்த எண்ணிக்கை பல சமயம் ஆயிரக் கணக்கில் இருந்தது. ஜனங்கள் இரண்டு இரண்டாக வாங்கி, ஒன்றையும் பிரிக்காமல் அடுக்கினார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிய பொருளாகும்? 1990-களின் கடைசியில் இணைய ஏலம் வந்தபோது குட்டு வெளிப்பட்டது. தம் ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்திருந்தவர், இருபது பெட்டிகள் வரிசையாக விலைக்கு நிற்பதைப் பார்த்தார். இப்போது அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் சேகரிப்பை மொத்தமாக ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். 1935-ல் அந்த நாட்டில் சுமார் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022-ல் 19 லட்சம். தாத்தா ஓட்டிய டிராக்டர் எந்த நிறம் என்று தெரிந்தவர்களே குறைந்துவிட்டால், அந்த நிறத்துக்கு யார் பணம் கொடுப்பார்கள்? பழைய இரும்பும் முதல் வார்ப்புகளும் விலை நிற்கின்றன. இளைஞர்கள் 64-ல் ஒரு பங்கு அளவுள்ள சின்ன வண்டிகளை வாங்கி, மேஜைமேல் முழுப் பண்ணையே அமைக்கிறார்கள். சிலர் உடைந்த பழைய பொம்மையை வாங்கி, அறுத்து ஒட்டி, தம் தகப்பனார் வைத்திருந்த அதே வண்டியாக மாற்றுகிறார்கள். சந்தை இதற்குச் சில சமயம் பெட்டிக்குக் கொடுப்பதைவிட அதிகம் கொடுக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பொம்மை உற்பத்திகூடப் பெரும்பாலும் அந்த ஊரைவிட்டுப் போய்விட்டது. எர்ட்டல் பெயர் இப்போது ஜப்பானின் டோமி கம்பெனியிடம் இருக்கிறது. பொம்மைகள் சீனாவிலிருந்து வருகின்றன.

சந்தையில் ஒரு மூலையில் ஒரு கிழவர் மேஜை போட்டிருந்தார். பிரிக்காத பெட்டிகள் நாற்பதுக்குமேல் இருக்கும். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று 80-களின் கடைசியில் வாங்கினாராம். “பிள்ளைகள் படித்து முடித்து, அவர்கள் பிள்ளைகளும் படிக்கிறார்கள். நான் கொடுத்த விலை இன்னும் வரவில்லை” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பெட்டிகளுக்கு நடுவே, ஸ்டியரிங் சக்கரம் இல்லாமல், சாயம் முழுக்க உதிர்ந்து, ஒரு அலுமினிய டிராக்டர் கிடந்தது. என்ன விலை என்று கேட்டேன்.

“அது என்னுடையது” என்றார்.

சங்கடப்பட்டு, ஒரு சிவப்பு டிராக்டர்ப் பெட்டியைக் காட்டினேன். யாருக்கு என்று கேட்டார். பேரனுக்கு, ஆறு வயது என்றேன். உடனே சட்டைப் பையிலிருந்து பேனாக் கத்தியை எடுத்து, பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சர்ரென்று கிழித்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் ‘ஐயோ’ என்று எழுந்துவிட்டார். கிழவர் வண்டியை வெளியே எடுத்து, மேஜைமேல் முன்னும் பின்னும் இரண்டு தரம் உருட்டிப் பார்த்தார். முன்சக்கரம் லேசாகக் கிறீச்சிட்டது.

“எண்ணெய் போடச் சொல்லுங்கள்” என்றவர், நான் நீட்டிய பணத்திலிருந்து ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்தார். பெட்டி பிரித்த சாமானாம்.