ஒரு சாண் நீளம், ஓர் ஆள் உயரம்

உயரழுத்த மின்பாதைக்கு பி.இ.யில் நான் போட்ட தொய்வுக் கணக்கு ரொம்ப சுலபம். கம்பியின் எடை, கோபுர இடைவெளி, இழுவிசை மூன்றையும் கொடுத்துவிடுவார்கள். ஃபார்முலாவில் போட்டால் விடை. காற்று, பனிப்பாரம்கூட வரும். சூடு வருவது அபூர்வம். என் குறை அதுதான். இழுவிசை நிலையான எண் அல்ல; கம்பி சூடானால் அது குறையும், தொய்வு கூடும்.

போட்டுத்தான் பாருங்களேன். இடைவெளி 300 மீட்டர், தொய்வு 6 மீட்டர் என்றால், கம்பி நேர்கோட்டைவிட 32 சென்டிமீட்டர்தான் அதிகம். 40 டிகிரி சூடேறினால் எஃகு மையம் கொண்ட அலுமினியக் கம்பி இன்னும் ஏறக்குறைய 23 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண், நீளும். இழுவிசை குறைவதால் கம்பி சற்றே சுருங்குவதை விட்டுவிட்டால், தொய்வு கிட்டத்தட்ட 7.9 மீட்டர். ஓர் ஆள் உயரம் கீழே வந்துவிடுகிறது!

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோவில் ஹன்னா–ஜூனிப்பர் 345 கிலோவோல்ட் பாதை, அனுமதித்த சுமையில் 88 சதவீதத்திலேயே தொய்ந்து மரத்தைத் தொட்டுத் துண்டித்துக்கொண்டது. அன்றைய தொடர் மின்தடையில் சிக்கியவர்கள் சுமார் 5 கோடி பேர். மரங்களைச் சரியாக வெட்டாததை விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. நியாயம்தான். ஆனால் கம்பி எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தால்தானே எவ்வளவு வெட்டுவது என்று தெரியும்?

கேள்வித்தாளில் இழுவிசைக்குப் பக்கத்தில் 'எந்த வெப்பநிலையில்?' என்று சேர்த்தாலே போதும்.